இன்றிரவே மலை இறங்க வேண்டுமா?

இரண்டு நாய்கள் விளையாடும்போது சண்டையின் அத்தனை அசைவுகளையும் செய்கின்றன. காயப்படுத்துவதை மட்டும் விட்டுவிடுகின்றன. நடுநடுவே ஒன்று முன்னங்கால்களை நீட்டித் தாழ்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு கும்பிடு போடும். 'இது விளையாட்டுத்தான்' என்ற அறிவிப்பு அது. அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெகாஃப் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நாய் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய கடிக்கு முன்னும் பின்னும்தான் இந்தக் கும்பிடு அதிகம் வருகிறது என்று காட்டினார். நாய்க்கும் நாய்க்கும் இடையே இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. தரையோடு அப்படி ஓர் உடன்பாடு இல்லை.

நாயுடுபுரம் மாதிரி ஊரில் தரைதான் பெரிய எதிரி. கொடைக்கானல் நகரின் இந்தப் பகுதி ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், சரிவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வீட்டின் முற்றம் கீழ்வீட்டுக் கூரை மட்டத்தில் இருக்கும். இடையில் கருங்கல் தடுப்புச்சுவர், துருப்பிடித்த தகரம், முள்கம்பி வேலி, புல்லுக்குள் மறைந்த பாட்டில் சில்லு. பந்தின் பின்னால் தலைதெறிக்க ஓடும் நாய் இதில் எதையும் பார்ப்பதில்லை. ஒரு வீறிடல் கேட்கிறது, அல்லது அதுகூடக் கேட்பதில்லை. சிமெண்ட் படியெல்லாம் ரத்தக் கால்தடம். மணி மாலை ஆறரை, பனி இறங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இப்போதே கீழே கொண்டுபோக வேண்டுமா, காலையில் பார்த்துக்கொள்ளலாமா?

மலையூரில் இது வெறும் பதற்றக் கேள்வி அல்ல. வத்தலக்குண்டுக்கு இறங்கவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. மதுரை சுமார் 120 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் அடிபட்ட நாயை மடியில் வைத்துக்கொண்டு இரவில் போவது நாய்க்கும் நல்லதல்ல, ஓட்டுகிறவருக்கும் நல்லதல்ல. தேவையில்லாமல் போகக்கூடாது, தேவைப்படும்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. சிக்கல் என்னவென்றால், நம்மை அதிகம் மிரட்டும் காயங்கள் பெரும்பாலும் காத்திருக்கக்கூடியவை. காத்திருக்க முடியாதவை பல நேரம் மிரட்டுவதே இல்லை.

முதலில் மிரட்டுகிற காயம். நாயின் உள்ளங்கால் மெத்தை கிழிந்தால் ஏன் அவ்வளவு ரத்தம்? வெளித்தோல் தடிமனானது, சொரசொரப்பானது. பார்த்தால் டயர் ரப்பர்தான். அதற்கு அடியில் கொழுப்பும் நாரும் கலந்த திண்டு. அதற்குள் நெருக்கமாகப் பின்னிய ரத்தக்குழாய் வலை. ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயோஷி நினோமியாவும் உடனிருந்தவர்களும் நாயின் பாத ரத்தக்குழாய்களுக்குள் பிசினைச் செலுத்தி, சதையைக் கரைத்துவிட்டு, மிஞ்சிய அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இது: பாதத்துக்குச் சூடான ரத்தம் கொண்டுவரும் தமனியைச் சுற்றி, குளிர்ந்த ரத்தத்தை உடலுக்குத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகள் ஒட்டிப் படர்ந்திருக்கின்றன. தமனியின் வெப்பம் பக்கத்துச் சிரைக்குத் தாவிவிடுவதால், குளிர்ந்த ரத்தம் சூடேறித்தான் உடலுக்குள் திரும்புகிறது. கூடவே தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்கு வழிகளும் உண்டு; கடுங்குளிரில் பாதம் விறைக்காமல் இருக்க அவை திறந்துகொள்ளும். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது, நாம் இரண்டு காலுறை போட்டு நடுங்க, நாய் வெறுங்காலோடு அதில் புரள முடிவது இந்த ஏற்பாட்டால்தான். அதே ஏற்பாட்டில் ஒரு கண்ணாடிச் சில்லு இறங்கினால் ரத்தம் பீறிடுகிறது. நாய் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் திண்டு பிழியப்படுகிறது. நின்றுபோன ரத்தம் மறுபடி வருகிறது.

அந்தச் சில்லுக்கும் ஒரு கதை உண்டு. காட்டில் எறியப்படும் மதுபாட்டில்கள் யானை போன்ற விலங்குகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. பிறகு மற்ற மலைப்பகுதிகளுக்கும் வந்தது. நல்ல திட்டம். அதற்கு முன்பு உடைந்தவை இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மேலே வரும்.

எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து? நாயின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கிறது. 20 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டருக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு டம்ளர் அளவு போனாலும் ஆரோக்கியமான நாய் சமாளித்துக்கொள்ளும். அந்த ஒரு டம்ளரை வெள்ளை டைல்ஸில் நாலு இடத்தில் சிந்தினால் கொலை நடந்த இடம் போல இருக்கும் என்பதுதான் நம்மைக் குழப்புகிறது. சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஐந்து நிமிடம் குறையாமல். 'நின்றுவிட்டதா' என்று நடுவில் எடுத்துப் பார்த்தால், அப்போதுதான் உறையத் தொடங்கியது பிய்ந்துபோகும். துணி நனைந்தால் மேலே இன்னொன்று வைக்கலாம். முதல் துணியை எடுக்கக்கூடாது.

இந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும்: "காப்பித்தூள அப்புப்பா, சட்டுனு நின்னுரும்!" அக்கறையில் சொல்வதுதான். ஆனால் காப்பித்தூளில் உள்ள கஃபீன் நாய்க்கு நஞ்சு, அது காயத்தை நக்கத்தான் போகிறது. மஞ்சள்தூளும் வேண்டாம், பின்னால் தையல் போடுகிற மருத்துவர் முதல் அரை மணி நேரத்தை அதைக் கழுவி எடுப்பதிலேயே செலவிடுவார். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை தேக்கரண்டி உப்பு, ஏறக்குறைய 9 கிராம். காயத்தைக் கழுவ அது போதும். அழுத்தியும் நிற்காத ரத்தம், ஆழமான கிழிசல், உள்ளே சில்லு ஏதும் மாட்டியிருப்பது ஆகியவற்றைத் தவிர, பாதக் காயம் கட்டுப்போட்டுக் காலைவரை காத்திருக்கும். காலையில் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. நேரம் போகப்போக விளிம்புகள் காய்ந்து, கிருமி இறங்கி, தையல் பிடிக்காது.

நகம் பிய்ந்தாலும் இதே ஆர்ப்பாட்டம்தான். முன்னங்காலில் தரையைத் தொடாமல் தனியாக நிற்கும் கட்டைவிரல் நகம் வேலியில் மாட்டி அடியோடு திரும்பிவிடும். நகத்துக்குள் ஓடும் நரம்பு வெளியே வந்துவிடுவதால் நாய் ஊரைக் கூட்டும். சோளமாவை வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். காது நுனி கிழிந்தால் தலையை உலுக்கி உலுக்கிச் சுவரெல்லாம் தெளிக்கும். காதைத் தலையோடு சேர்த்துக் கட்டுவதே வழி. மழைக்காலத்தில் சோலைக்காட்டுப் பக்கம் போய்வந்த நாயின் கால் ரத்தமாக இருந்து, எங்கு தேடியும் காயமே இல்லையென்றால், விரலிடுக்கில் அட்டை கடித்துவிட்டு விழுந்திருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை விட்டுவிட்டுப் போவதால் கொஞ்ச நேரம் கசியும், தானே நிற்கும்.

விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது வலி உணர்வு மங்கியிருக்கும். கிழிந்த காலோடு இன்னும் நாலு சுற்று ஓடிவிட்டுத்தான் நாய்க்கே தெரியும். தெரிந்த பிறகு அது வேறு நாய். பத்து வருடம் மடியில் வளர்ந்த நாயும் வலியில் கடிக்கும். அதில் நன்றிகெட்டத்தனம் ஏதும் இல்லை. காலைத் தொடுமுன் வாயைக் கட்டுவது நல்லது: காஸ் துணியோ பழைய துப்பட்டாவோ, மூக்கின்மேல் ஒரு சுருக்கு, தாடைக்கடியில் ஒரு குறுக்கு, காதுகளுக்குப் பின்னால் முடிச்சு. மூச்சுத் திணறுகிற நாய்க்கும், வாந்தி எடுக்கிற நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் கட்டக்கூடாது. மீறிக் கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'நம்ம வீட்டு நாய்தானே' என்று விட்டுவிடலாமா என்பது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. குன்னூரில் வெறிநோய்க்கென்றே தொடங்கிய ஒரு பாஸ்டர் நிறுவனம் 1907இலிருந்து இயங்கும் மாநிலம் நம்முடையது. தடுப்பூசிக்கு யாரும் கடல் தாண்ட வேண்டியதில்லை. விளையாட்டில் சேர்ந்துகொண்ட தெருநாய் நம் நாயைக் கடித்திருந்தாலும் இதே கழுவல்தான், நம் கைக்கு உறையோடு. நாய்க்கு மறுபடியும் ஊசி.

இனி மிரட்டாத காயங்கள். நாயின் தோல் நம்முடையதைப் போலச் சதையோடு ஒட்டியதல்ல, தளர்வானது. பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உலுக்கும்போது கோரைப்பல் தோலில் ஒரே இடத்தில் குத்தி நிற்கிறது. அதனடியில் சதைக்குள் நாலா பக்கமும் நகர்ந்து கிழிக்கிறது. வெளியே கடுகளவு துளை, இரண்டு சொட்டு ரத்தம். உள்ளே நசுங்கிய தசை, அடைபட்ட கிருமி. நெஞ்சுப் பக்கமானால் விலா எலும்பும் நுரையீரலும்கூட. நாய் எழுந்து வாலை ஆட்டினாலும் நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ள துளை அன்றிரவே பார்க்கப்பட வேண்டியது. வேலி தாண்டி வந்த காட்டு மாட்டை விளையாட்டாகத் துரத்தி, கொம்பால் ஒரு தள்ளு வாங்கிய நாயும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

குச்சி எறிந்து விளையாடுவதை எனக்குப் பிடிக்காது. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். இங்கே சீகை மரச் சுள்ளிக்குப் பஞ்சமில்லை, எறிய ஆசையாகத்தான் இருக்கும். குச்சி ஒரு முனை மண்ணில் குத்தி நிற்கும் நேரத்தில் நாய் வாயைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தால் அது தொண்டைக்குள் இறங்குகிறது. ஒரு கதறல், கொஞ்சம் ரத்த எச்சில், அப்புறம் ஒன்றுமில்லாதது போல இருக்கும். உள்ளே தங்கிய சிம்பு சில வாரம் கழித்துக் கழுத்தில் சீழ்க்கட்டியாக வீங்கும்.

பக் நாயின் கண் குழி ஆழமில்லாதது. 2003இல் வந்த ஹட்ச் கைபேசி விளம்பரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்த இந்த நாய், விளையாட்டில் கழுத்து பிடிபட்டால் கண்விழி வெளியே பிதுங்கிவிடக்கூடும். உள்ளே தள்ள முயலாமல், உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மூடி, உடனே கிளம்ப வேண்டும். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடிய ராஜபாளையம் போன்ற ஆழ்ந்த நெஞ்சு நாய், வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்துக்கொண்டு வயிறு உப்பி நின்றால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, சத்தம் இல்லை; சில மணி நேரத்தில் உயிர் போகும்.

எந்தக் காயமானாலும் ஈறைப் பார்த்துவிட வேண்டும். மேலுதட்டைத் தூக்கி இளஞ்சிவப்பு ஈறை விரலால் அழுத்தினால் வெளுக்கும். விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கோம்பை நாய் போலக் கறுத்த வாயானால் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். ஈறு வெளிறி, நிறம் திரும்பத் தாமதித்து, பாதம் சில்லிட்டு, மூச்சு வேகமானால் ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். போர்வையில் சுற்றி, கொஞ்சமும் தின்னக் கொடுக்காமல், முன்னால் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பகலானால் உள்ளூர் மாட்டாஸ்பத்திரி முதல் வாசல்; கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. 2020இல் தொடங்கிய தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியும் மலைக்குக் கீழேதான் இருக்கிறது. வலிக்கு என்று நம் மாத்திரை டப்பாவைத் திறக்கக்கூடாது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றுமே நாயின் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ குடலையோ கெடுப்பவை.

ஓடும்போதே 'கீங்' என்று கத்திப் பின்னங்காலைத் தூக்கிக்கொள்ளும் நாய் தனி ரகம். பெரும்பாலும் முழங்கால் ஜவ்வு. நாயின் முழங்கால் எப்போதும் சற்று மடங்கியே நிற்கிறது. கீழெலும்பின் மேல்தளம் பின்புறமாக 20 டிகிரிக்கு மேல் சரிந்திருக்கிறது. நிற்கும் ஒவ்வொரு நொடியும் தொடையெலும்பு அந்தச் சரிவில் வழுக்கப் பார்க்க, ஜவ்வு இழுத்துப் பிடிக்கிறது. மாதக்கணக்கில் இழை இழையாக நைந்து, ஒரு நாள் விளையாட்டில் அறுகிறது. பந்து எறிந்தவர் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. கீழெலும்பை வெட்டித் திருப்பிச் சரிவையே குறைக்கும் அறுவைச் சிகிச்சையை பார்க்ளே ஸ்லோகம் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1993இல் விவரித்தார். வலியோடு நொண்டினாலும் இது இரவுப் பயணத்துக்குரியதல்ல.

சிகிச்சை முடிந்து திரும்பி வந்த பிறகு கொடைக்கானலில் உண்மையான தொல்லை ஈரம். பனியிலும் மழையிலும் நனைந்த கட்டு காய்வதே இல்லை. நனைந்த கட்டுக்குள் தோல் ஊறி அழுகும். வெளியே போகும்போது பிளாஸ்டிக் பையை மாட்டி, உள்ளே வந்ததும் கழற்ற வேண்டும். விரல்களுக்கிடையே பஞ்சு வைத்துக் கட்டினால் உராயாது. 'நாய் நக்கினாலே ஆறிடும்' என்பதில் ஒரு துளி உண்மை உண்டு: ஹார்ட், பவல் என்ற இருவர் 1990இல் நாயின் எச்சில் சில கிருமிகளைக் கொல்வதைக் காட்டினார்கள். ஆனால் அந்த நாக்கு தையலையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் கழுத்தில் புனல் வடிவக் காப்பு தவிர்க்க முடியாதது. மூன்றாம் நாளே நாய் பந்தைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கும். தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாள். பாத மெத்தைக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை கயிற்றோடு, சமதரையில் மட்டும் நடை. நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. இறக்கத்தில் இன்னும் கூடும். அதனால் முன்னங்காலில் தையல் போட்ட நாயை நாயுடுபுரச் சரிவில் கீழ்நோக்கி ஓடவிட்டால், தையல் பிரிந்து மறுபடியும் அதே சிமெண்ட் படியைக் கழுவ வேண்டியிருக்கும்.