பல கழுத்து ஸ்டீல் கிட்டாரும் அதன் பிக்கப் சுவிட்சும்

கிட்டார் என்றவுடன் மார்போடு அணைத்து வாசிக்கும் கருவிதான் நம் பிள்ளைகளுக்கு நினைவு வரும். கொல்கத்தாவில் நெடுநாள் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கோ இன்னொரு கிட்டாரும் பழக்கம். அதை மடியிலோ மேசை மேலோ படுக்க வைத்து, இடக்கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிப்பார்கள். வங்காளிகள் இதை ஹவாயன் கிட்டார் என்பார்கள். ரவீந்திர சங்கீதத்தை இதில் வாசித்த இசைத்தட்டுகள் ஒரு காலத்தில் இங்கே வெகு பிரபலம். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வழுக்கல் ஓசை அந்நியமே அல்ல.

ஹவாய்த் தீவில் ஜோசப் கெகூகூ என்ற இளைஞர் 1880-களின் இறுதியில் இம்முறையை வளர்த்தார் என்பது பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. 1932-இல் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் 'வறுக்கும் சட்டி' என்ற செல்லப் பெயருள்ள மின்சாரக் கிட்டாரை விற்பனைக்கு விட்டார்கள். வியாபாரத்தில் வெற்றி பெற்ற முதல் மின்சாரக் கிட்டார் அதுதான், அதுவும் ஸ்டீல் கிட்டார்தான். நின்று வாசிக்கும் மின்சாரக் கிட்டார்கள் எல்லாம் அதற்குத் தம்பிகள்.

சரி, ஒரு கருவிக்கு எதற்கு இரண்டு, மூன்று, நான்கு கழுத்து? எஃகுத் துண்டு எல்லாத் தந்திகளையும் ஒரே நேர்கோட்டில்தான் தொடும். விரல்களை வளைத்துப் புதுப்புது சுரக்கூட்டுப் பிடிக்க முடியாது. தந்திகளைச் சுருதி சேர்த்த விதம் எதுவோ, அந்தக் கூட்டுதான் கிடைக்கும். சி6 முறையில் சேர்த்தால் ஒரு குணம், இ13 முறையில் சேர்த்தால் வேறு குணம். பாட்டுக்கு நடுவில் எட்டுத் தந்தியையும் திருகிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் ஆளுக்கொரு சுருதியோடு பல கழுத்துகளை ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் பதித்துவிட்டார்கள்.

இந்த வகையில் பெயர் பெற்றது, கலிபோர்னியாவில் ஃபெண்டர் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த ஸ்ட்ரிங்மாஸ்டர். 1959-இல் அமெரிக்கா முழுவதும் முதலிடம் பிடித்த 'ஸ்லீப் வாக்' என்ற மெட்டை சாண்டோ ஃபரினா வாசித்தது இதன் மூன்று கழுத்து வகையில்தான். ஆனால் 1954-இலேயே பட் ஐசக்ஸ் என்பவர் காலால் மிதித்துச் சுருதி மாற்றும் பெடல் கருவியில் வாசித்த பாட்டு பெரும் வெற்றி பெற்றுவிட்டது. அதன்பின் அமெரிக்கக் கிராமியப் பாடல் உலகம் பெடல் பக்கம் சாய்ந்தது. பல கழுத்துக் கருவிகள் மெல்லமெல்லப் பரணுக்குப் போயின. இன்று அவை தேடி வாங்கும் பழம்பொருள். அவற்றின் சுவிட்சை மாற்றலாமா, மாற்றினால் எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் பிக்கப். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைப் போல மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். கம்பியின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், காயிலில் சிறு மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். தொல்லை என்னவென்றால், அதே காயில் சுவரில் ஓடும் கரண்டின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், நம் நாட்டில் 50. அந்த 'ம்ம்ம்' ஓசையை ஃபேன், டியூப்லைட் இருக்கிற வீட்டில் கேட்காதவர் உண்டா?

இதற்குத்தான் ஸ்ட்ரிங்மாஸ்டரில் ஒவ்வொரு கழுத்துக்கும் இரண்டு பிக்கப் வைத்தார்கள். ஒன்றின் காந்தமும் சுற்றும் மற்றதற்குத் தலைகீழ். இரண்டையும் சேர்த்தால் தந்தியின் ஓசை கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கணக்கில் கழித்தலைக் கழித்தால் கூட்டல் ஆவது போல. எந்த அளவில் கலப்பது என்பதற்கு ஒரு சிறு சக்கரமும் உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாசிப்பவனுக்குக் குறை இருக்கிறது. இடக்கையில் எஃகுத் துண்டு, வலக்கை விரல்களில் உறை மாட்டியிருக்கும். பாட்டின் நடுவில் அந்தச் சின்னச் சக்கரத்தை நகர்த்தி, சரியாக நின்றதா என்று பார்க்க நேரமேது? ஆகவே ஒரே தட்டில் 'பாலம் பக்கத்துப் பிக்கப் மட்டும், இரண்டும், கழுத்துப் பக்கம் மட்டும்' என்று மாற்றும் சுவிட்சைப் பலர் விரும்புகிறார்கள். இன்னும் சிலர், இரண்டும் சேரும்போது தொடராகச் சேரட்டுமா, இணையாகச் சேரட்டுமா என்ற தேர்வையும் கேட்கிறார்கள்.

இந்தத் தொடர், இணை விஷயத்தைப் பள்ளியில் பேட்டரி வைத்துப் படித்திருப்போம். ஒவ்வொரு காயிலும் 6 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடராகச் சேர்த்தால் 12, இணையாகச் சேர்த்தால் 3. தொடரில் ஓசை பெரிதாகவும் தடிப்பாகவும் வரும், உச்சத்தின் மினுமினுப்புக் குறையும். இணையில் ஓசை சற்றுச் சிறுத்தாலும் கண்ணாடி போலத் தெளிவு. எது உயர்ந்தது என்று சண்டை போடுவது வீண். ஆனால் மெதுவான மெட்டுக்கு இணைதான் அழகு என்பது என் காது சொல்லும் தீர்ப்பு.

இதைச் செய்ய ஆறு கால் உள்ள இருவழிச் சுவிட்ச் ஒன்று போதும். முதல் பிக்கப்பின் உயிர் ஒயர் எப்போதும் வெளியே போகும் வழியில் இருக்கும். இரண்டாம் பிக்கப்பின் மறு ஒயர் எப்போதும் எர்த்தில் இருக்கும். மீதி இரண்டு ஒயர்கள், அதாவது முதலாவதின் மறு முனையும் இரண்டாவதின் உயிர் முனையும், சுவிட்சின் இரு நடுக்கால்களில் வரும். ஒரு பக்கம் தள்ளினால் முதலாவதின் மறு முனை எர்த்துக்கும், இரண்டாவதின் உயிர் முனை வெளி வழிக்கும் போகும். அது இணை. மறுபக்கத்து இரு கால்களை ஒரு துண்டு ஒயரால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், அந்தப் பக்கம் தள்ளும்போது இரு முனைகளும் கைகோக்கும். அது தொடர். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஒரு கண்ணி இருக்கிறது. பிக்கப்பின் உலோக மூடியோ அடித்தகடோ காயிலின் மறு முனையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், அந்த முனையை எர்த்திலிருந்து எடுத்தவுடன் உலோகம் முழுவதும் ஓசை வழியில் சேர்ந்துவிடும். கை பட்டால் 'டர்' என்று இரையும். அப்படிப்பட்ட பிக்கப்பை எர்த்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டுமே அப்படியென்றால் முதலாவதின் உலோகத்தைக் காயிலிலிருந்து பிரித்துத் தனி ஒயரில் எர்த் செய்ய வேண்டும்.

அடுத்தது கழுத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச். ஒரு கழுத்தில் வாசிக்கும்போது பக்கத்துக் கழுத்தின் தந்திகள் தாமாகவே சிறிது அதிரும். அந்தப் பிக்கப்பும் இணைப்பில் இருந்தால் கலங்கல் ஓசை வரும், வாசிக்கும் கழுத்தின் பலமும் குறையும். வேண்டாத கழுத்தின் உயிர் ஒயரைத் துண்டிப்பதுதான் சரியான முறை. சில கத்துக்குட்டிகள் உயிர் ஒயரை அப்படியே விட்டு எர்த் பக்கத்தைத் துண்டிப்பார்கள். அப்போது தொங்குகிற காயில் ஆன்டெனா போல ஊர் இரைச்சலை எல்லாம் இழுக்கும். வேறு சிலர் பொது வழியிலிருந்து பிரிக்காமலே வேண்டாத காயிலை எர்த்தோடு சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் எல்லாக் கழுத்தும் ஊமை.

ஒயர் திசை சரிதானா என்று அறிய, முள் உள்ள பழைய மீட்டரே போதும். சிறிய டி.சி. வோல்ட் அளவில் வைத்து, ஸ்குரூடிரைவரைப் பிக்கப்பின் காந்தத்தின் மேல் ஒட்ட வைத்து வெடுக்கென்று எடுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். இரண்டு பிக்கப்பிலும் சிவப்பு முனையை உயிர் ஒயரிலேயே வைத்துச் சோதித்தால் ஒரே பக்கம் துள்ள வேண்டும். எதிர்ப் பக்கம் துள்ளினால், சேர்த்து வாசிக்கும்போது ஓசை சோகை பிடித்து மெலியும். தலைகீழ்க் காந்தம் வைத்த ஜோடியில் ஒருவர் ஒயரை மாற்றிப் போட்டுவிட்டால் ஓசை மெலிவது மட்டுமல்ல, போக வேண்டிய இரைச்சல் இரட்டிப்பாகும்.

இனி, வியாபாரி என்ற முறையில் ஒரு பேச்சு. பேரன் பொறியியல் படிக்கிறான், கையில் சால்டரிங் அயன் வைத்திருக்கிறான், "தாத்தா, நான் பண்ணித் தர்றேன்" என்பான். பண்ணட்டும், ஆனால் மரத்திலும் மேல் தகட்டிலும் புதுத் துளை போடக் கூடாது. ஒரு துளை விழுந்தால் பழம்பொருள் சந்தையில் விலை இறங்கியது இறங்கியதுதான், அடைத்தாலும் ஏறாது. வேண்டுமானால் அதே அளவில் வேறு தகடு வெட்டி அதில் சுவிட்சை மாட்டி, அசல் தகட்டைப் பத்திரமாக வைக்கலாம். மேலே இழுத்தால் சுவிட்சாக வேலை செய்யும் வால்யூம் திருகியைப் பழைய துளையிலேயே பொருத்துவது அதைவிட எளிது. கழற்றிய அசல் திருகிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றின் முதுகில் எண் குத்தியிருக்கும். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். செய்தது, பின்வரும் எண்கள் ஆண்டும் வாரமும். கருவியின் வயதைச் சொல்லும் ஜாதகம் அது.

தொடங்குமுன் போட்டோ எடுத்து, ஒவ்வொரு ஒயரிலும் சீட்டுக் கட்டுங்கள். பிக்கப்பின் மெல்லிய கம்பி வந்து சேரும் இடத்தில் அயனை வைக்கவே வேண்டாம். ஒரு நொடிச் சூட்டில் அறுந்தால் மறுபடி சுற்றத்தான் வேண்டும். சுற்றிய பிறகு அது வேறு பிக்கப். புது ஒயரைப் பழைய ஒயரின் வெளி முனையில் சேர்ப்பதே உத்தமம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது எர்த். ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர் கையில் இருப்பது உலோகம், அது எல்லாத் தந்திகளையும் தொடுகிறது, தந்திகள் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடம்போடு சேர்ந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்தால் அது நேராகக் கைக்கு வரும். கருவியோடு பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபயரும் வந்தால் அது சுமார் 117 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-இல் செருகினால் புகைதான் வரும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த உள் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும் என்பதால் அரைமணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். பலவற்றில் இரண்டு முள் பிளக்தான் இருக்கும். அதோடு, கரண்ட் ஒயருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அது பழுதானால் உடம்பு முழுக்கக் கரண்ட். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அந்தக் கப்பாசிட்டரை எடுத்துவிட்டு, மூன்று முள் பிளக் போட்டு, வீட்டுப் பிளக்கில் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று பல்பு வைத்துப் பார்த்த பிறகே எஃகுத் துண்டைக் கையில் எடுக்க வேண்டும்.