ஏரி மாவட்டமும் அதன் மக்களும்

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டம் இயற்கையின் கொடையெனவே பொதுவாகப் போற்றப்படுகின்றது. எனினும், அதன் கல்வேலிகளும் மேய்ச்சற் சரிவுகளும் செம்மறி வளர்ப்போரின் பல நூற்றாண்டு உழைப்பால் உருவானவை என்பதை நாம் மறத்தலாகாது. 1847இல் வின்டர்மியருக்குப் புகையிரதம் வந்ததைத் தொடர்ந்து உல்லாசப் பிரயாணத்துறை அங்கு பெருவளர்ச்சி கண்டது. 1951இல் தேசியப் பூங்காவாகவும் 2017இல் உலக மரபுரிமைத் தலமாகவும் அப்பிரதேசம் ஏற்கப்பட்டது.

இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 40,000 பேரே. ஆண்டுதோறும் வருவோரோ ஒரு கோடிக்கும் அதிகமானோர். விடுதிகளும் உணவகங்களும் தரும் தொழில்களுட் பல பருவகாலத்துக்குரியவை, ஊதியம் குறைந்தவை. வெளியூர்ச் செல்வந்தர் விடுமுறை இல்லங்களை வாங்குவதால், வீட்டு விலை உழைப்போரின் வருமானத்துக்கு எட்டாது உயர்ந்துள்ளது. உழைப்பு உருவாக்கிய அழகே பண்டமாகி உழைப்பாளியை வெளியேற்றுகின்ற முரண்பாட்டை இங்கு காண்கின்றோம். நிலக்காட்சியைப் பேணுதல், அதனைப் பேணும் மக்கள் அங்கு வாழ வழிசெய்தலையும் உள்ளடக்க வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.