விக்கி மென்பொருளின் இயல்பும் ஆற்றலும்

ஒரு பெயரையோ, ஓர் ஊரையோ, ஒரு கொள்கையையோ பற்றி அறிய விரும்பும் இறையியல் மாணவர் இன்று முதலில் நாடுவது பெரும்பாலும் விக்கிப்பீடியாவையே. அருளுரை ஆயத்தம் செய்யும் ஆயர்களும் அதனை நாடுகின்றனர். எனினும், அப்பக்கங்களைத் தாங்கி நிற்கும் மென்பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்து வாசிப்போர் சிலரே. "யாரும் எழுதக்கூடியது, ஆகவே நம்பத்தகாதது" எனத் தள்ளுவோரும் உளர், "அதில் இருக்கிறது, ஆகவே உண்மை" எனக் கொள்வோரும் உளர். இவ்விரு முடிவுகளும் அம்மென்பொருளின் இயல்பை அறியாமையினின்று எழுவன. அவ்வியல்பை விளக்குவதும், அதனால் நமக்கு வரும் பயனையும் பொறுப்பையும் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றம்

'விக்கி' என்பது விரைவு எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' என்னும் பேருந்தின் பெயரை நினைவிற்கொண்டு, வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் தாம் ஆக்கிய மென்பொருளுக்கு அப்பெயரை இட்டார். அது 1995ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் வெளியிடப்பட்டது. நிரலாளர் தாம் கற்றவற்றை ஒரே இடத்தில் விரைவாக எழுதவும், பிறர் எழுதியதை அங்கேயே திருத்தவும் வழிசெய்வதே அதன் நோக்கமாயிருந்தது.

ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகியோர் 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தொடங்கிய விக்கிப்பீடியா இம்முறையைக் கலைக்களஞ்சியப் பணிக்குக் கொண்டுவந்தது. அதற்கென மாக்னஸ் மான்ஸ்கே என்ற செருமானியர் எழுதி 2002இல் பயனுக்கு வந்த நிரலிலிருந்து வளர்ந்ததே மீடியாவிக்கி என்னும் மென்பொருள். அதனைக் கட்டணமின்றி எவரும் பெற்று நிறுவிக்கொள்ளலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கிற்று. இலங்கைத் தமிழரான கட்டிடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும்பணி ஆற்றினார். 2017இல் அதன் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைக் கடந்தன. ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும்: விக்கி என்பது மென்பொருள் வகையின் பெயர், விக்கிப்பீடியா அதனைப் பயன்படுத்தும் பல ஆக்கங்களுள் ஒன்று.

2. பக்கத்தின் அமைப்பு

விக்கிப் பக்கம் ஒவ்வொன்றிலும் 'தொகு' என்னும் பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் வாசகர் எழுத்தாளராகிவிடுகிறார். குறியீடுகளும் எளியவை. ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால், அச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட பக்கத்திற்கு அது இணைப்பாகிவிடும். அப்படியொரு பக்கம் இன்னும் எழுதப்படவில்லையெனில் இணைப்பு சிவப்பு நிறத்தில் தோன்றும். இன்னது எழுதப்படாமல் இருக்கிறது என்று ஏடே நமக்கு அறிவிக்கிறது எனலாம். ஒரே பொருளைச் சார்ந்த பக்கங்களைப் 'பகுப்பு' ஒன்றுசேர்க்கிறது. பல பக்கங்களில் ஒரேவிதமாய் வரவேண்டியதை 'வார்ப்புரு' தருகிறது. அன்றாடம் நிகழும் திருத்தங்களை எல்லாம் 'அண்மைய மாற்றங்கள்' என்னும் பட்டியல் காட்டுகிறது.

3. வரலாறு என்னும் மையம்

யாரும் எழுதலாம் என்பதே விக்கியின் தனிச்சிறப்பு எனப் பலர் எண்ணுவர். அது பாதி உண்மையே. எழுதப்பட்டது எதுவும் அழிவதில்லை என்பதே மற்றப் பாதி. முதற்பாதியைத் தாங்குவதும் அதுவே. பக்கம் சேமிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதன் புதிய வடிவம் தனியே பதிவாகிறது. எந்நாளில், எந்நேரத்தில், எவர் பெயரால் அல்லது எவ்வடையாளத்தால் மாற்றம் செய்யப்பட்டது என்பதும் உடன் பதிவாகிறது. எந்த இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்து, சேர்ந்த சொல்லையும் நீங்கிய சொல்லையும் ஒப்புநோக்கலாம். ஒருவர் பக்கத்தைச் சிதைத்தால், முந்தைய வடிவத்தை மற்றொருவர் நொடியில் மீட்கலாம்.

பனையேட்டைப் படியெடுத்தவர் ஒரு சொல்லை மாற்றியிருந்தால், மாற்றியவர் யார், முன்பு இருந்தது யாது என்பதை அவ்வேடு மட்டும் கொண்டு அறிய இயலாது. பல ஏடுகளை ஒப்பிட்டே பாடபேதங்களைக் காண வேண்டியிருந்தது. எபிரேய மறைநூலைப் பேணிய மசொரேத்தியர், எழுதப்பட்டிருந்ததை அழிக்காமல், வாசிக்கத்தக்கதை ஓரத்தில் குறித்தனர். பாட ஆராய்ச்சி பயின்ற நம் மாணவர்க்கு விக்கியின் வரலாற்றுப் பக்கம் அயலானதன்று; பாடபேதங்கள் அனைத்தையும் நாளும் பெயரும் இட்டுத் தானே தொகுத்துக்கொள்ளும் ஏடு அது.

4. உரையாடலும் சான்றும்

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தொல்லியல் துறை 2015இல் அங்கு அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் அப்பணியை மேற்கொண்ட தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை, 2019இல் வெளியிட்ட அறிக்கையில் அப்பண்பாட்டின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டு சென்றது. இதனையொட்டி எழுந்த விவாதங்கள் பல. அச்சிட்ட கலைக்களஞ்சியமாயின் அடுத்த பதிப்பு வரும்வரை பழைய செய்தியே நிற்கும். விக்கிப் பக்கமோ அன்றே திருந்தக்கூடும். ஆர்வமிகுதியால் அன்றே பிழைபடவும் கூடும்.

இங்கேதான் பக்கத்தின் பின்புறம் நமக்குத் துணையாகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையாக 'உரையாடல்' என்னும் பக்கம் உண்டு. கருத்து வேறுபாடுகள் அங்கே எழுத்தில் நிகழ்கின்றன. கூற்றுகளுக்குச் சான்று அடிக்குறிப்பில் காட்டப்பட வேண்டும். பூசல் மிகுந்த பக்கத்தை நிர்வாகிகள் காப்பிட்டு, எழுதுவோரை வரையறுக்க இயலும். ஆகவே, ஒரு பக்கத்தின் நம்பகத்தன்மையை அறிய விரும்புவோர் முகப்பை மட்டும் வாசித்தல் போதாது. சான்று உளதா, உரையாடலில் மறுப்பு உளதா, அண்மையில் மாற்றியவர் எதை மாற்றினார் என மூன்றையும் காண வேண்டும். இதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். இதைச் செய்யாமல் மேடையில் ஒன்றை உரைப்பவர், பெயரறியாத ஒருவரின் பிழைக்குத் தம் பெயரைக் கடனாகக் கொடுக்கிறார்.

5. நம் பணிக்கு உதவும் வழிகள்

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை நாம் அறிவோம். இலங்கைத் தமிழ் ஆவணங்களைப் பேணும்பொருட்டு 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் மீடியாவிக்கியின்மேல் அமைந்ததே. விக்கிமூலம் என்னும் திட்டத்தில் பழைய நூலின் பக்கப் படம் ஒருபுறமும், எழுத்தாக்கம் மறுபுறமும் நிற்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் சரிபார்த்த பின்னரே பச்சை நிறம் பெறும்.

1834இல் அமெரிக்க மிஷன் மதுரையில் பணி தொடங்கிய நாள்முதல் இச்சமவெளியில் தோன்றிய ஊர்ச்சபைகளின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். முதியோர் நினைவிலும், செல்லரிக்கும் தாள்களிலும் இருப்பவை எத்துணை! மாணவர் ஒரு சபையைப் பற்றி எழுத, அச்சபையார் திருத்த, அடுத்த ஆண்டு மாணவர் அதனைத் தொடர விக்கி இடந்தருகிறது. சிறு நிறுவனத்திற்கு 2004இல் வெளிவந்த டோக்குவிக்கி ஏற்றது. அது தரவுத்தளம் இன்றி, பக்கங்களை எளிய உரைக்கோப்புகளாகவே சேமிக்கும். ஆதலின் படியெடுத்துக் காப்பதும் எளிது.

6. ஓர் எச்சரிக்கை

எதையும் மறவாமை ஆற்றல் என்றோம். அதுவே இடருமாம். பழைய திருமுழுக்குப் பதிவேடுகளில் குடும்பச் செய்திகளும், சில வேளைகளில் சாதிப் பெயர்களும் உள்ளன. அவற்றை ஒருவர் நன்னோக்கத்துடன் விக்கியில் ஏற்றிவிட்டு மறுநாள் நீக்கினாலும், வரலாற்றுப் பக்கத்தில் அவை இருந்துகொண்டேயிருக்கும். நிர்வாகி மறைக்கலாம், அதற்குள் படியெடுத்தவரை எவர் தடுப்பார்? மேலும், சில பக்கங்களைச் சிலர் மட்டும் வாசிக்குமாறு மறைத்துவைப்பதற்கென மீடியாவிக்கி வடிவமைக்கப்படவில்லை. டோக்குவிக்கியில் அத்தகைய அனுமதி முறை உள்ளடங்கியிருப்பினும், அதனை அமைப்பவரின் கவனத்தைப் பொறுத்ததே அதன் காவல். நோயுற்றோர் பெயர், குடும்பப் பிணக்கு, ஆயரிடம் மறைவில் சொல்லப்பட்டவை ஆகியன எந்த விக்கியிலும் இடம்பெறலாகாது.

சுருங்கக்கூறின், வாசலில் காவலரை நிறுத்திப் பிழையைத் தடுப்பது அச்சுநூலின் முறை. உள்ளே வந்த பிழையைக் கண்டு திருத்துவது விக்கியின் முறை. இரண்டாம் முறை பயன்தர வேண்டுமாயின் கண்டு திருத்துவோர் வேண்டும். தாம் நன்கறிந்த ஊரையோ சபையையோ பற்றிய பக்கத்தைத் திறந்து, அதன் வரலாற்றைப் பார்த்து, ஒரு பிழையையேனும் சான்றுடன் திருத்துவது நம் மாணவர் ஒவ்வொருவருக்கும் தக்க முதற்பயிற்சியாகும்.