உங்களுக்குத் தெரியுமா? விடெக் இன்ஜினின் உயிர் ஆயிலில்!

2000-களின் தொடக்கத்தில் 106 குதிரைத்திறனோடு இந்தியச் சாலைகளில் சீறிய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் காரை இன்றும் பொத்திப் பாதுகாப்பவர்கள் உண்டு. விடெக் என்பது 1989-இல் ஜப்பானில் ஹோண்டாவின் இன்டெக்ரா காரில் அறிமுகமான நுட்பம். இன்ஜின் வேகமாகச் சுழலும்போது ஆயில் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளி, ராக்கர் ஆர்ம்களை ஒன்றாகப் பூட்டும். வால்வுகள் கூடுதல் உயரத்துக்கு, கூடுதல் நேரம் திறக்கும்.

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சரக்கு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால் அந்த வேகம் எட்டவே எட்டாது. கோளாறு இருந்தாலும் தெரியாது. இன்ஜின் சரியாகச் சூடேறாத குறும்பயணங்களில் ஆயிலில் ஈரம் சேர்ந்து கசடாகும். அது, பின்னுக்கு ஆயிலைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வுக்கு அடியில், கேஸ்கட்டோடு ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு வலையை அடைத்துவிடும்; பின்னைத் தள்ள ஆயில் அழுத்தம் போதாது.

‘இழுவை போச்சு’ என்றதும் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு சோலினாய்டைக் கழற்றி, வலையோடு கூடிய புது கேஸ்கட் போடச் சொல்லுங்கள். பழைய கேஸ்கட் இறுகிப்போனால் அங்கேயே ஆயில் கசியும். கடற்காற்றில் பச்சை பூத்த சோலினாய்டு கனெக்டரையும் கையோடு சுத்தம் செய்துவிடுங்கள்.