காருக்குள் நாற்றமா? உறிஞ்சி எடுக்க ஒரு எந்திரம்!

காருக்குள் குழந்தை பாலைக் கொட்டிவிட்டது. துணியால் துடைத்தாயிற்று. மூன்றாம் நாள் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது! விரிப்புக்கு அடியில் இருக்கும் பஞ்சில் பால் இறங்கிவிட்டது. வாடகைக் கார் என்றால் சவாரியே போச்சு.

இதற்கென்றே கையில் தூக்கிச் செல்லும் எந்திரம் உண்டு. வெந்நீரைப் பீய்ச்சும், அழுக்கோடு அந்த நீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். நல்ல நீருக்கு ஒரு தொட்டி, அழுக்கு நீருக்கு இன்னொரு தொட்டி.

"எவ்வளவு சூடு?" என்றுதான் வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். உறிஞ்சும் பலத்தையல்லவா முதலில் பார்க்கவேண்டும்! ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய நாற்றமே தேவலை என்று ஆகிவிடும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சூடு நல்லது. பால், முட்டை, ரத்தக் கறைக்கு ஆகாது. கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான்.

சில எந்திரங்கள் தாமே தண்ணீரைக் காய்ச்சும். சில, ஊற்றிய வெந்நீரை ஆறாமல் மட்டும் வைத்துக்கொள்ளும். கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

காய்ச்சும் எந்திரத்துக்கு மின்சாரம் நிறைய வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அதனால் அங்கே பெரிய எந்திரங்கள் பலவற்றுக்கு இரண்டு வயர்கள்! இங்கே 230 வோல்ட். ஆனாலும் மேஜை விசிறி மாட்டும் 6 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

வேலை முடிந்ததும் கார்க் கதவுகளைத் திறந்து வைக்கவேண்டும். இருக்கை நன்றாகக் காய்ந்த பிறகே பூட்டலாம்.