60 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜர்: எஸ்தோனியா சொல்லும் பாடம்

மின்சார கார் வாங்கலாமா என்று யோசிக்கும் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "நடுவழியில சார்ஜ் தீர்ந்துட்டா என்ன பண்றது?" இந்தக் கேள்விக்கு ஒரு சின்ன நாடு நாடு முழுவதற்கும் சேர்த்து பதில் சொன்னது. அந்தக் கதையைப் பார்ப்போமா?

வடக்கு ஐரோப்பாவில், பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது எஸ்தோனியா. பரப்பளவு சுமார் 45,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். 2013 பிப்ரவரியில் அங்கே 'எல்மோ' என்ற சார்ஜிங் வலையமைப்பு தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் 165 வேக சார்ஜர்கள். ஒரு நாடு முழுவதையும் இணைத்த முதல் வேக சார்ஜிங் வலையமைப்பு என்று அன்று உலகமே அதைப் பேசியது.

பணம் எங்கிருந்து வந்தது?

கியோட்டோ ஒப்பந்தப்படி எஸ்தோனியா போன்ற நாடுகள் இவ்வளவு கரியமில வாயுதான் வெளியிடலாம் என்று ஓர் அளவு இருந்தது. எஸ்தோனியாவிடம் அந்த அளவில் மிச்சம் இருந்தது. 2011இல் அதில் ஒரு பகுதியை ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்துக்குக் கொடுத்தது. பதிலாக 507 'ஐ-மீவ்' மின்சார கார்களும், சார்ஜர்கள் அமைக்கவும் மக்களுக்கு மானியம் தரவும் நிதியும் கிடைத்தன. அந்தக் கார்கள் வீடு வீடாகப் போய் முதியோரைக் கவனிக்கும் சமூகப் பணியாளர்களுக்குத் தரப்பட்டன.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

வண்டி அதிகம் ஓடும் தலைநகர் தாலினில் மட்டும் வைத்திருந்தால் வேலை சுலபம். ஆனால் அப்படிச் செய்யவில்லை. 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஒவ்வொரு ஊரிலும் சார்ஜர். முக்கியச் சாலைகளில் இரண்டு சார்ஜர்களுக்கு நடுவே அதிகபட்சம் 60 கிலோமீட்டர். இதுதான் விதி.

ஏன் 60? ஐ-மீவ் காரின் பேட்டரி 16 யூனிட் மின்சாரம் மட்டுமே பிடிக்கும். ஏட்டுக் கணக்கில் 150 கிலோமீட்டர் ஓடும். கடுங்குளிரில் பேட்டரியின் திறன் குறையும். காருக்குள் ஹீட்டரும் மின்சாரத்தை இழுக்கும். அதனால் ஓடும் தூரம் நன்றாகவே குறைந்துவிடும். தாலினிலிருந்து தார்து நகரம் சுமார் 185 கிலோமீட்டர். வழியில் சார்ஜர் இல்லையென்றால் போய்ச் சேரவே முடியாது. அரை மணி நேரத்தில் பேட்டரியின் பெரும்பகுதி நிரம்பிவிடும் என்பதால், ஒரு காபி குடித்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். ஒரே கணக்கு போதுமாக இருந்தது, எந்த ஊரிலும் சார்ஜ் செய்ய முடிந்தது. மொபைலிலேயே பணமும் கட்ட முடிந்தது.

எங்கே சறுக்கியது?

சார்ஜர் இருந்தால் கார் தானாக வந்துவிடும் என்ற எண்ணம் முழுதாகப் பலிக்கவில்லை. கார் வாங்க அரசு தந்த மானியம் 2014இல் தீர்ந்ததும் விற்பனை சரிந்தது. இன்னொரு சிக்கல் பிளக். எல்மோவின் வேக சார்ஜர்களில் இருந்தது 'சாடெமோ' என்ற ஜப்பானிய வகை. ஐரோப்பாவோ 'சிசிஎஸ்' வகைக்கு மாறியது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் அதையே பொது வேக சார்ஜர்களுக்கான தரமாக ஏற்றது. புதிய கார் வாங்கியவருக்குப் பக்கத்திலேயே வேக சார்ஜர் இருந்தும் பயன்படவில்லை. பிறகு வலையமைப்பு கைமாறி, பழைய சார்ஜர்களுக்குப் பதில் புதியவை வரத் தொடங்கின.

நமக்கு என்ன பயன்?

சார்ஜர் எண்ணிக்கை மட்டும் முக்கியமில்லை. இடைவெளி, பிளக் வகை, பராமரிப்பு மூன்றும் சேர்ந்தால்தான் நம்பிக்கை வரும். நீங்கள் மின்சார கார் வாங்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள்:

• உங்கள் காரின் பிளக் எந்த வகை? அடிக்கடி போகும் வழியில் அதே வகை வேக சார்ஜர் இருக்கிறதா?

• விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை அப்படியே நம்பாமல், ஏசி, ஆள், சுமை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா?

• செயலியில் காட்டும் சார்ஜர் இப்போது வேலை செய்கிறதா? கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது பழுதாக இருந்தால் அடுத்தது எங்கே என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.