பிறர் எடுத்த இயற்கைப் படங்களை மதிப்பிடுதல்

கமரா பிடிக்கும் மாணவர் இன்று மிகப் பலர். தாம் எடுத்த கடற்காட்சியையோ பனந்தோப்பையோ மூத்தோரிடம் காட்டி, "எப்படியிருக்கின்றது, ஐயா?" என அவர்கள் கேட்குங்கால் எம்மிற் பெரும்பாலார் இறுக்கும் விடை, "நன்றாயிருக்கின்றது" என்பதே. கேட்டவன் மகிழ்வான், அடுத்த படத்தை எவ்வாறு திருத்தமாக எடுப்பதென்பதை மட்டும் அறியான்.

படத்தைக் கண்ட மாத்திரத்தே வாய்திறத்தல் ஆகாது. எமது கண் முதலில் எங்கே சென்றது, பின் எங்கே அலைந்தது, எவ்விடத்திற் படத்தைவிட்டு வெளியேறியது என்பவற்றை நோக்கியறிந்து, அதனையே எடுத்தவனுக்குச் சொல்லுதல் நன்று. யாழ்ப்பாணக் கடனீரேரியின் மாலைக் காட்சி ஒன்றைக் கருதுவோம். கரையில் ஒரு வள்ளம், அப்பால் நீர், அதற்கும் அப்பால் வானம். அடிவானக்கோடு சற்றே சரிந்திருப்பின் நீரெல்லாம் ஒரு பக்கமாக வழிந்தோடுவதுபோலத் தோன்றும். இதனைக் குற்றமென ஐயமின்றிக் கூறலாம். அக்கோடு படத்தின் நட்டநடுவே கிடப்பதோ அவ்வாறன்று. நீர் அசைவற்று வானத்தின் சாயலைத் தாங்கி நிற்கையில் நடுவே கிடத்தலும் பொருந்தும். மூன்றிலொரு பங்கு என்னும் விதியை மனப்பாடஞ் செய்து எல்லாப் படங்கள்மீதும் ஏற்றுவாரை நாம் அறிவோம். அன்னார் பார்ப்பது படத்தையன்று, அளவுகோலையே.

ஒளியைப்பற்றிச் சொல்லும்போது இடமுங் காலமும் அறிந்து சொல்லல் வேண்டும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 9.7 பாகையில் உள்ளது. ஏப்பிரில் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் எமது தலைக்கு நேரே நிற்கும். பனையின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிட, நிலத்தின் மேடுபள்ளம் புலப்படாது. அவ்வேளையில் எடுத்த படத்தைத் 'தட்டையானது' என்று தள்ளுவதிலும், "காலை ஏழு மணிக்கு இதேயிடத்திற்குப் போய்ப் பார், தம்பி" என்பது எவ்வளவோ பயனுடைத்து.

அமெரிக்கரான அன்செல் அடம்ஸ் 1941இல் நியூ மெக்சிக்கோவின் ஹேர்ணாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவெழுந்த காட்சியைப் படம்பிடித்தார். ஒளிமானி கைக்கு அகப்படாமையால், நிலவின் ஒளியளவை நினைவிற்கொண்டு கணக்கிட்டார். அவ்வொரு நெகற்றிவிலிருந்தே பல்லாண்டுகளாகப் பிரதிகள் எடுத்தார். முந்திய பிரதிகளில் வெளிறியிருந்த வானம் பிந்தியவற்றிற் காரிருளாயிற்று. ஆகவே "வானம் கறுத்துவிட்டது" எனத் தீர்ப்பளிக்குமுன், கறுத்தது கைப்பிழையாலா கருத்தினாலா என எடுத்தவனையே வினவுதல் தகும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஈண்டு ஒரு சொல். பனையைக் கண்டவுடன் கண்கலங்குதல் இயல்பே. ஆயின் அக்கண்ணீர் பனைக்குரியது, படத்துக்குரியதன்று. இளைஞனொருவனின் படத்தில் ஐந்து குறை கண்டாலும் ஒன்றிரண்டை மட்டும், அதுவும் தனியே அழைத்துக் கூறுதல் போதும்.

பறவைப் படங்களிற் கேட்கவேண்டிய வினா வேறொன்றுண்டு. குஞ்சுகள் வாய்பிளந்து நிற்கக் கூட்டை மறைத்திருந்த இலைகளெல்லாம் அகன்றிருக்கும் படத்தைக் கண்டால், அதன் தெளிவை வியக்குமுன், இலைகளை அகற்றியவர் யாரெனக் கேளுங்கள். மறைப்பிழந்த கூட்டைக் காகம் எளிதிற் காணும்; வெயில் குஞ்சுகளை வாட்டும்; அஞ்சிய தாய்ப்பறவை திரும்பாது போதலும் உண்டு. அத்தகைய படத்திற்குப் பரிசளித்தால், அடுத்த போட்டிக்காக வேறு கூடுகளும் கலைக்கப்படும். ஒளியும் அமைப்பும் எத்துணைச் சிறப்பாயினும் அதனைப் புகழ நாம் ஒருப்படோம்.